சாமிக்கண்ணு முன்கோபியான கதை

ஒரு காட்டில், ஐப்பசி மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று மிரட்டிக்கொண்டிருந்த சமயத்தில், வீடில்லாத தேவாங்கு ஒன்று வரிசையில் நின்றது. பேர் சாமிக்கண்ணு. பிறந்ததிலிருந்து யாரையும் 'ஏய்' என்றுகூடச் சொல்லாத ஜென்மம். அவன் சம்சாரம் மரகதம் இரட்டைக் குட்டி போட்டிருந்தாள். மழைக்கு முன்னால் மரப்பொந்து ஒன்று கிடைக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது.

பொந்து ஒதுக்கும் அலுவலகத்தில் நாரைதான் குமாஸ்தா. ஒற்றைக்காலில் நின்றே வேலை பார்க்கும், அதாவது பார்க்காது. சாமிக்கண்ணு எப்படியோ ஜன்னல் வரைக்கும் வந்துவிடுவான். சரியாக அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வீரபத்திரர் வருவார். வரிசையை முட்டித் தள்ளுவார், மேஜையைக் கவிழ்ப்பார், நாரையின் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார், கேட்ட பொந்தை வாங்கிக்கொண்டு போவார். பன்றி எங்கே மரம் ஏறப் போகிறது? மச்சானுக்கு வேணுமாம்! மச்சானும் பன்றிதான்.

பின்னாலேயே அவருடைய கையாள் நரி வந்து ஒவ்வொருவர் காதிலும் சொல்லும்: "தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா கொஞ்சம் முன்கோபி. மத்தபடி மனசுல ஒண்ணும் கிடையாது."

"அதானே, தங்கமான மனுஷன்," என்று நாரை இறகைத் தட்டிவிட்டுக்கொள்ளும்.

ஒருநாள் சாமிக்கண்ணுவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டி, "எத்தனை நாள்தான்யா அலைய விடுவீங்க?" என்று கத்தினான்.

"என்ன திமிரு! என்ன கொழுப்பு!" என்று நாரை குதித்தது.

"நானும் முன்கோபிதாங்க," என்றான் சாமிக்கண்ணு, பயந்துபோய்.

"அதை நீயே சொல்லிக்கிட்டா ஆச்சா? போ, கடைசியில போய் நில்லு."

சாமிக்கண்ணு மரகதத்திடம் வந்து விக்கி விக்கி அழுதான். மரகதம் எல்லாவற்றையும் கேட்டாள். "அந்தப் பன்னிக்கு நரி இருக்கு. உங்களுக்கு நான் செத்தா போயிட்டேன்? நாளைக்கு வாயே திறக்காதீங்க. சும்மா முழிச்சுக்கிட்டு நில்லுங்க."

மறுநாள் குட்டிகளை இடுக்கிக்கொண்டு மரகதம் முன்னால் நடந்தாள். "கொஞ்சம் வழி விடுங்கம்மா. எங்க வீட்டுக்காரர் பயங்கர முன்கோபி. நேத்து ஏதோ மேஜையோட விட்டுட்டாரு. கண்ணைப் பாருங்க, எப்படி உருண்டு நிக்குதுன்னு! ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது."

எல்லோரும் பார்த்தார்கள். தேவாங்குக் கண் வேறு எப்படி இருக்கும்? முயல் விலகியது, மான் விலகியது. நாரை பதறிப்போய் இரண்டாவது காலையும் தரையில் வைத்தது. "ஐயா கோவப்படாதீங்க. நல்ல அத்திமரப் பொந்து இருக்கு, எடுத்துக்குங்க."

அப்போதுதான் வீரபத்திரர் உறுமிக்கொண்டே உள்ளே வந்தார். சாமிக்கண்ணுவுக்குக் கைகால் வெடவெடவென்று உதறியது.

"பாருங்க, ஆத்திரத்துல உடம்பே நடுங்குது," என்றாள் மரகதம்.

நரி பன்றியின் காதைக் கடித்தது. "நமக்கெதுக்குங்கையா வம்பு?" வீரபத்திரர் வாழ்நாளில் முதல் தடவையாக வரிசையில், ஆமைக்குப் பின்னால் போய் நின்றார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் குட்டிகள் கதகதப்பாகத் தூங்கின. சாமிக்கண்ணு மெதுவாக, "கொஞ்சம் தள்ளிப் படுக்கறியா? எனக்குச் சாரல் அடிக்குது," என்றான். மரகதம் ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான். சாமிக்கண்ணு சாரலிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

நீதி: கோபத்தை அடக்கு. உனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்ல மட்டும் ஓர் ஆளை வைத்துக்கொள்.