ஞாயிற்றுக்கிழமைக் காளான்

கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறப்பதற்காகப் பூட்டுக்காரர் முதல் நாளே கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார். தாழ்ப்பாளுக்கு மெழுகு தடவியிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கதவு மூச்சுக்கூட விடாமல் திறந்தது. வெளியே படியில் மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க, காலங்காத்தால கூடையும் கையுமா? இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும்."

"நீங்க ஞாயித்துக்கிழமைதானே காட்டுக்குப் போவீங்க?"

காரணம் உள் அறையில் இருந்தது. மனைவியின் அண்ணன், நிலம் அளக்கும் சர்வேயர், இரண்டு நாளாக விருந்தாளி. "ஞாயித்துக்கிழமை நானும் வரேன் மாப்பிள்ளை, நீ காளான் பறிக்கிற இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்கணும்" என்று சொல்லியிருந்தார். சர்வேயர் ஓர் இடத்தை ஒரு தடவை பார்ப்பதும், அதற்கு வரைபடம் போட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நகல் கொடுப்பதும் ஒன்றுதான்.

மனைவி வீட்டாரிடம் பூட்டுக்காரர் வாங்கியிருந்த ஒரே நல்ல பெயர் அந்த இடத்தால் வந்தது. "ஆளுக்குக் காளான் கண்ணுப்பா! பதினஞ்சு வருஷமா பறிக்கிறான், ஒரு விஷக் காளான் வந்ததில்லை" என்பார்கள். அந்த இடம் போனால், மிச்சமிருப்பது வெறும் பூட்டுக்காரர்தான்.

"காளானுக்குப் போகலை. பழத்துக்கு" என்றார். "புதர்ல கறுப்புப் பழம் பழுத்திருக்குமாம்."

"பழம் மட்டும்தானே?"

"பழம் மட்டும்தான்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணே! இவர் பழம் பறிக்கக் கிளம்பிட்டார். துணைக்குப் போயிட்டு வாங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்றார் சர்வேயர். ஷூ போட்டு, தொப்பி வைத்து, இடுப்பில் அளவு டேப்பும் மாட்டியாகிவிட்டது.

காட்டுக்குள் பூட்டுக்காரர் தம் இடத்துக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தார். சர்வேயர் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

"எண்ணூத்திப் பன்னெண்டு... மாப்பிள்ளை, நாம வட்டம் அடிக்கிறோம். இந்த மரத்தை மூணாவது தடவை பார்க்கிறேன்."

"அது வேற மரம் மச்சான்."

"அப்போ அதுல என் சாக்பீஸ் கோடு எப்படி வந்துச்சு?"

வேறு வழியில்லாமல் பழப் புதரைக் காட்டினார். அதிலாவது மனிதர் ஒரு மணி நேரம் மெனக்கெடுவார் என்று எதிர்பார்த்தார். சர்வேயர் இடமிருந்து வலமாக, கிளை வாரியாகப் பறித்தார். பத்து நிமிடத்தில் புதர் மொட்டை.

"பழம் முடிஞ்சுது. அடுத்து காளான்தானே?"

பூட்டுக்காரர் சட்டென்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். "அப்படியா? ஐயோ பாவம், இதோ வரேன்... மச்சான், ஒரு அம்மா குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டாங்களாம். பூட்டு திறக்கலையாம்."

"போன் அடிக்கவே இல்லையே?"

"சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்."

"சரி வா, நானும் வரேன். ரெண்டு பேரா தள்ளினா கதவு திறந்துடும்."

"வேண்டாம் மச்சான். அந்தம்மாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

இதில் நியாயம் இருப்பதாகச் சர்வேயருக்குத் தோன்றியது. பழக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்.

பூட்டுக்காரர் தம் இடத்தை நோக்கிக் குறுக்கே விழுந்து ஓடினார். முட்செடி ஒரு சட்டைக் கையை வாங்கிக்கொண்டது. ஓடை ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. பதினைந்து வருடமாக ஒரே வழியில் வந்து போன மனிதருக்கு இந்தப் பக்கத்துக் காடு பிடிபடவில்லை. அரை மணி நேரத்தில், தாம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போயிற்று. வெட்கத்தை விட்டுக் கத்தினார்.

"மச்சா...ன்!"

"மாப்பிள்ளை! எங்கே இருக்கே?"

"அதுதான் தெரியலை!"

"கத்திக்கிட்டே இரு! சத்தத்தைப் பிடிச்சு வந்துடறேன்!"

கத்திக்கொண்டே நடந்தார். ஒரு கிளையை விலக்கினார். எதிரே, விழுந்து கிடந்த பெரிய மரத்தடியில், பந்தி விரித்ததுபோல் வெள்ளை வெளேரென்று காளான்கள். அவருடைய இடம்.

வாயை மூடிக்கொண்டார். ஆனால் காலடிச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. மூடி மறைக்கக் கையில் ஒன்றும் இல்லை. பூட்டுக்காரர் காளான்மேல் உட்கார்ந்தார். அது போதவில்லை. படுத்தார்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"கால் சுளுக்கிடுச்சு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"அந்த அம்மா?"

"எந்த அம்மா?... ஓ! கதவு தானாத் திறந்துடுச்சாம்."

சர்வேயர் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். பூட்டுக்காரர் தரையைக் கட்டிக்கொண்டார். முதுகுக்குக் கீழே ஒவ்வொன்றாக நசுங்க, அவர் கண்ணில் நீர் வந்தது.

"அடடா, இவ்வளவு வலியா? அசையாதே!" என்று சர்வேயர் ஓடினார். கால் மணி நேரத்தில் வனக் காவலரையும் ஒரு தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். காவலர் பலசாலி. ஒரே மூச்சில் பூட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தினார். முதுகெல்லாம் காளான் கூழ்.

சர்வேயர் குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை... இதுதானா அந்த இடம்?"

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. "ஆமா மச்சான். யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சிக்கே தெரியாது. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

சர்வேயர் டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "நான் இங்கே வரவே இல்லை, போதுமா? அந்த ஓரத்துல நாலஞ்சு நசுங்காம இருக்கு பாரு. உன் கண்ணால பார்த்துப் பறி. வீட்டுக்கு வெறுங்கையோட போக வேண்டாம்."

பூட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குனிந்தார். தேர்ந்த கையால், நல்லதாக ஒன்றைப் பிடுங்கினார். காவலர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யோவ், கீழே போடுங்க! அது விஷம்!"

"விஷமா? பதினஞ்சு வருஷமா இங்கேதான்யா பறிக்கிறேன்!"

காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, அவர் நீங்கதானா? சனிக்கிழமை தவறாம மத்தியானம் ஒரு அம்மா வந்து, இங்கே இருக்கிற விஷக் காளானை எல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டுப் போவாங்க. கேட்டா, 'நாளைக்கு எங்க வீட்டுக்காரர் வருவார், அவருக்கு எது நல்லதுன்னே தெரியாது, சொன்னா மனசு உடைஞ்சுடும்'பாங்க!"