யாருக்கும் தரக்கூடாத வண்டி

வண்டி திரும்பி வந்தபோது முன்விளக்கு ஒன்றைக் காணவில்லை. பின்பக்கம் ஒரு ஆடு கூடுதலாக இருந்தது.

"ஆட்ட பாக்காத நைனா. அது நம்ம ஆடுதான்," என்றார் சடையப்பன், வண்டியிலிருந்து இறங்காமலே. "வயிறு உப்பிக்கிச்சி. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுனு போய் வரேன்."

"விளக்கு?"

"எந்த விளக்கு?"

சாம்சன் சுட்டிக்காட்டினான். சடையப்பன் எட்டிப் பார்த்தார். விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின.

"மோட்டார் ரூம்பு செவுரு குறுக்க வந்துச்சு," என்றார். "ஆனா வண்டிய ஒத்துக்கணும் நைனா. செவுரு விழுந்துச்சு. வண்டி நிக்கவே இல்ல."

அது கம்பெனி வண்டி. நான்கு தடித்த சக்கரங்கள், பைக்கைப் போலக் கைப்பிடி. சேறு, மேடு, வரப்பு, எதிலும் ஏறும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதைத் தயாரிக்கும் கம்பெனியில் சாம்சன் இன்ஜினியர். முப்பது நாள் வண்டியை வீட்டில் வைத்திருந்து, ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு தாங்குகிறது என்று தினமும் படிவம் நிரப்பித் தரவேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது: ஒருவர் மட்டுமே. சுமை கூடாது. யாருக்கும் தரக்கூடாது.

ஒப்படைக்கும்போது மேனேஜர் கோபால் மூன்றாவதை மட்டும் இரண்டு முறை வாசித்தார்.

"தந்தீங்கன்னு தெரிஞ்சா வேலை கன்ஃபர்ம் ஆகாது. நேரா ஊருக்குப் போகவேண்டியதுதான்."

ஊர் என்றால் வேலூரில் அண்ணன் வீட்டு மாடி அறை. சாம்சனுக்கு அங்கே போக விருப்பமில்லை. எளாவூரில் இந்த வீட்டுக்கு மனைவி மெர்சியோடு குடிவந்தான். மெர்சி இறந்து பதினாலு மாதம் ஆகிறது. அதன் பிறகு இந்தக் கதவைத் தட்டியவர்கள் இரண்டே பேர். மின் கணக்கு எடுப்பவர். வீடு மாறி வந்த பார்சல்காரர்.

வண்டி வந்த அன்று மாலை கதவு தட்டப்பட்டது. சடையப்பன் நின்றார். மூன்று தெரு தள்ளி வீடு, நான்கு ஏக்கர் நெல். வயலுக்கு உர மூட்டை போகவேண்டும் என்றார். தர முடியாது என்று சொல்லத்தான் சாம்சன் வாயைத் திறந்தான்.

"சாவி ஆணியில இருக்கு," என்றுதான் வாயில் வந்தது.

ஆடு வந்தது ஆறாவது நாள். அன்றைய படிவத்தில் எழுதினான். ஓட்டியவர்: சாம்சன். சேதம்: இல்லை.

மறுநாள் சடையப்பன் தன் மச்சானின் பழைய ஆட்டோவிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றி வந்தார். கூடவே மோசஸையும் கூட்டி வந்தார். மோசஸுக்கு அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வெல்டிங் வேலை.

"பிரதர், பாய்லருக்கே நான்தான் பத்த வைக்கிறேன். இது இன்னா, கொசு."

பத்து நிமிடத்தில் விளக்கு ஒட்டிக்கொண்டது. போட்டுப் பார்த்தார்கள். வேப்பமரத்தின் உச்சிக்கிளை பளிச்சென்று தெரிந்தது. தரை தெரியவில்லை.

"மேல பாக்குதே," என்றான் சாம்சன்.

"ஏரோப்ளேன் வந்தா ஒதுங்கிக்கலாம் பிரதர்."

சடையப்பன் சிரித்ததில் புரை ஏறியது. சாம்சன் டீ போட்டான். மூன்றாவது தம்ளரைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது.

கூலி எவ்வளவு என்று கேட்டான். மோசஸ் காதைப் பொத்திக்கொண்டான்.

"டப்பு பேச்சே எடுக்காதீங்க. அரை நாளு வண்டி மட்டும் குடுங்க. தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். பந்தல் ஏரிக்கு அந்தாண்ட. மழை பேஞ்சு ஒரே சேறு. சேர் ஏத்தினு வந்த வேன் பாதியில குந்திக்கிச்சு."

மறுப்பதற்கு சாம்சன் முந்தைய இரவே ஒத்திகை பார்த்திருந்தான். கண்ணாடி முன்னால் ஏழு தடவை. ஏழு தடவையும் நன்றாக வந்தது.

"பெட்ரோல் போதுமா பாருங்க," என்றான்.

வண்டி சாயங்காலம் வந்தது. சீட் நீளவாக்கில் கிழிந்திருந்தது. கைப்பிடியை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தால்தான் நேராகப் போனது.

"எத்தனை சேர் ஏத்தினீங்க?"

"மீன் வண்டி ஒண்ண பின்னால கட்டினோம் பிரதர். அதனால கணக்கு தெரியல." மோசஸ் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினான். "பிரியாணி. அம்மா உங்களுக்குத் தனியா எடுத்து வச்சுது."

கைப்பிடியை நிமிர்த்த மோசஸே முன்வந்தான். சூடுகாட்டி வளைத்தான். இப்போது வலது பக்கம் ஒடித்துப் பிடித்தால் நேராகப் போனது.

"பழகிடும்," என்றான்.

சீட்டுக்குப் பக்கத்து வீட்டு செண்பகம் வந்தாள். தையல்காரி. மெர்சியின் ரவிக்கைகள் அவள் தைத்தவை. துக்கத்துக்கு வந்து போனதோடு சரி, பதினாலு மாதமாக மதிலுக்கு அந்தப் பக்கமே இருந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. இப்போது பேச ஒரு கிழிந்த சீட் இருந்தது.

"கறுப்புத் துணி இல்ல தம்பி. திரைச்சீலைத் துணி மிச்சம் கீது. போடட்டா?"

போட்டாள். வெள்ளையில் பெரிய பெரிய சிவப்பு ரோஜாக்கள். இரட்டைத் தையல். முடித்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்து, கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"இத ஓட்டறது கஷ்டமா தம்பி?"

சாம்சன் இம்முறை மறுக்க முயலவே இல்லை. ஏரிக்கரையில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தான். நான்காம் நாள் பொழுது சாயும் நேரத்தில், வலது பக்கம் ஒடிக்க வேண்டியதை மறந்து, செண்பகம் ஏரிக்குள் போனாள்.

அவள் நீந்தி வந்துவிட்டாள். வண்டி வரவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆட்டோ விளக்கு தண்ணீருக்கு அடியிலிருந்து வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல காலம், மேல பாக்கறா மாதிரி வச்சேன்," என்றான் மோசஸ்.

காலையில் தெருவே கயிறு பிடித்தது. வண்டி கரையேறி, எல்லா ஓட்டைகளிலிருந்தும் தண்ணீரைக் கொட்டியது. உள்ளேயிருந்து ஒரு கெண்டை துள்ளி விழுந்தது. அதை யார் எடுத்துப்போவது என்று சின்னச் சண்டை நடந்தது. மோசஸ் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது.

"வண்டியா இது? எருமடா!" என்று சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அன்று சாம்சன் பதினோரு தம்ளர் டீ போட்டான். தம்ளர் போதாமல் செண்பகம் வீட்டிலிருந்து வந்தது. அவர்களில் ஒருவரும் எப்படி இருக்கிறாய் என்று அவனைக் கேட்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்கு அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

சேதம்: இல்லை, என்று எழுதினான்.

அதன் பிறகு நாள் தவறாமல் கதவு தட்டப்பட்டது. சவுக்குக் கட்டை போனது. தண்ணீர்க் கேன் போனது. கால் உடைந்த ஒருவர் ஓட்டுப்போடப் போவதுபோல் அலங்காரமாக உட்கார்ந்து மாவுக்கட்டு போட்டுக்கொள்ளப் போனார்.

முப்பதாம் நாள் காலை கோபால் காரில் வந்தார். பின்னால் சின்ன லாரியோடு கம்பெனி டிரைவர் யேசுதாஸ்.

செய்தி எப்படிப் பரவியதோ, சடையப்பனும் மோசஸும் செண்பகமும் முன்பே வாசலில் நின்றார்கள். சாம்சன் அவர்களை அழைக்கவில்லை.

கோபால் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது ஆட்டோ விளக்கு இல்லையா?"

"கம்பெனிலேர்ந்தே அப்டித்தான் சார் வந்துச்சு," என்றார் சடையப்பன்.

"நான்தான் சார் அந்தக் கம்பெனி."

சடையப்பன் வானத்தைப் பார்த்தார். விளக்கும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டியை இவர் யாருக்காவது குடுத்தாரா?"

"இவரா?" மோசஸ் முந்திக்கொண்டான். "சரியான கஞ்சன் சார். ஒரு டீ குடுக்கமாட்டாரு. நாங்க பேச்சுவார்த்தையே வச்சிக்கறதில்ல."

"இந்த ரோஜாப்பூ?"

"தம்பியே தெச்சிக்கிச்சு," என்றாள் செண்பகம். "கை வேல நல்லா வரும் அதுக்கு."

கோபால் குனிந்து இன்ஜினுக்குள் விரலை விட்டு, காய்ந்த ஏரிப்பாசியை உருவி எடுத்தார். முழ நீளம் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"சார், மெர்சி மேல சத்தியமா சொல்றேன்," என்று செண்பகம் கையை நீட்டினாள். "இந்த வண்டிய நாங்க யாரும் தொட்டது..."

சாம்சன் நிமிர்ந்தான். அந்தப் பெயரை இன்னொருவர் உரக்கச் சொல்லி அவன் கேட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"சத்தியம் பண்ணாதீங்கக்கா," என்றான். பிறகு கோபாலிடம் திரும்பினான். "குடுத்தேன் சார். கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தேன்."

கோபால் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை பேர் ஓட்டினாங்க?"

"பதினேழு."

"பத்தொம்போது," என்றார் சடையப்பன் மெல்ல. "எம் மச்சானும் அவன் புள்ளையும் வுட்டுப்போச்சு."

"தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம்?"

"ஒரு ராத்திரி முழுக்க."

"சுமை?"

"எண்பது சேர் இருக்கும் சார்."

"எம்பத்தி நாலு!" மோசஸால் அடக்க முடியவில்லை. "ஒரே டிரிப்பு சார்."

கோபால் இரண்டு தாள், நான்கு பக்கம் எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை மூடினார்.

"திங்கட்கிழமை காலையில என் ரூமுக்கு வாங்க."

கார் போய்விட்டது. 

"பேஜாராப் போச்சு பிரதர்," என்றான் மோசஸ். கை நீட்டப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டு நடந்தான். சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி போனார். செண்பகம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனாள்.

சாம்சன் படியில் உட்கார்ந்தான். வேலூர் மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். தட்டுவதற்குத் தனிக் கதவு கிடையாது.

யேசுதாஸ் பலகை போட்டு வண்டியை லாரியில் ஏற்றினான். ரோஜா சீட்டின் மேல் கயிற்றைப் போட்டு இறுக்கினான். லாரியின் பக்கச் சட்டத்தில் முடிச்சு போட்டபடியே திரும்பிப் பார்த்தான்.

"மூஞ்சி ஏன் சார் இப்டி கீது?"

"வேலை போயிடும் யேசுதாஸ்."

"உங்களுக்கா?" அவன் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். "இதுக்கு மின்னாடி அஞ்சு பேரு வண்டிய துணி போட்டு மூடி வச்சு புதுசாவே திருப்பிக் குடுத்தானுங்க, டெஸ்ட்டே நடக்கல, ஓசி வாங்கினவன் ஓட்டுனாத்தான் வண்டி தாங்குமான்னு தெரியும், கேட்டா இல்லன்னு சொல்லத் தெரியாத ஆளு ஒருத்தர காட்டுன்னு கோபால் சார் கேட்டாரு, நான்தான் உங்கள காட்டினேன், திங்கக்கிழம அடுத்த வண்டி குடுப்பாரு, அதையும் யாருக்கும் தரக்கூடாதுன்னுதான் சொல்லுவாரு."