சூசை மாமாவோட சுருட்டுவெட்டி

என்னங்கடா, வாய்க்குள்ள ஈ போறது தெரியாம உக்காந்திருக்கீங்க? பொண்டாட்டிக்குப் பயப்படாத ஆம்பளை இந்தக் கூட்டத்துல எவனாச்சும் இருந்தா கையத் தூக்குங்க பாப்போம். டேய் ராஜப்பா, நீ தூக்காத. உன் வீட்டுக்காரி இப்பத்தான் குடத்தோட இந்தப் பக்கம் போனா. பாரு, தூக்குன கை தானா தலை சொறியுது!

வெக்கப்படாதீங்க. உங்களையெல்லாம் தூக்கிச் சாப்புட்ட ஆளு ஒருத்தரு இருக்காரு. எங்கக்கா ஆரோக்கியசெல்வியக் கட்டுன சூசை மாமாதான். ஜூஜுவாடி லாரி ஷெட்டுல ஸ்டோர்கீப்பரு. மீசைய முறுக்கி விட்டாருன்னா ரெண்டு பக்கமும் துணி காயப்போடலாம். அந்த மீசைக்கு நடுவுல எப்பவும் ஒரு சுருட்டு. ஒரு நாளைக்கு ஆறு. உறையூர்ல இருந்து லாரி டிரைவருங்க கட்டுக்கட்டா கொண்டாந்து குடுப்பாங்க. பீடி சிகரெட்டத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. "பீடி பால் குடிக்கிற பசங்களுக்குடா. சிகரெட்டு சினிமா பாக்கிறவனுக்கு. சுருட்டுதான் ஆம்பளைக்கு" அப்பிடிம்பாரு.

சுருட்டுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும். அந்த முனையக் கடிச்சு எடுத்தாத்தான் பொகை வரும். மாமா கடிப்பாரு. துப்புவாரு. எங்க துப்பறோம்னு மட்டும் பாக்க மாட்டாரு. அக்கா பெருக்கும்போது வாசல்ல ஒண்ணு, செருப்புக்குள்ள ஒண்ணு, ஜன்னல் ஓரத்துல ஒண்ணுன்னு பொறுக்கி எடுக்கும். புள்ளையோட தொட்டில்ல இருந்துகூட ஒரு தடவ எடுத்துச்சு.

அறுபத்தேழு எலெக்‌ஷன் கொடியெல்லாம் கிழிஞ்சு கரண்டுக் கம்பத்துல தொங்கிட்டிருந்த சமயம். ஒரு ஞாயித்துக்கெழமை மாதா கோயில் உபதேசியாரு சிங்கராயர் சாப்பிட வந்தாரு. கேவுரு களி, நாட்டுக்கோழிக் கொழம்பு. நம்ம ஊருக் களிய எவனாச்சும் மெல்லுவானா? உருட்டி, கொழம்புல முக்கி, கண்ண மூடி முழுங்க வேண்டியதுதான். உபதேசியாரும் முழுங்கினாரு. நாலாவது உருண்டையில கண்ணு சொருகிருச்சு. வேர்த்துக் கொட்டுது. செவுத்துல சாஞ்சு, மேல கையத் தூக்கி, "வரேன் ஆண்டவரே, வரேன்"னாரு.

மனுசனுக்குத் தரிசனம் கெடச்சிருச்சுன்னு வீட்ல இருந்த எல்லாரும் முட்டி போட்டாங்க. பக்கத்து வீட்டு கெம்பம்மா, அவங்க கும்புடுறது மாரியம்மாவ, அவங்களும் வாசல்ல இருந்தே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் உபதேசியாரு ஓடிப்போயி வேலியோரம் வாந்தி எடுத்தாரு. எங்கக்கா போயி எட்டிப் பாத்துச்சு. நாலாவது உருண்டையோட ரகசியம் அங்க கெடந்துச்சு. கட்டை விரல் நகம் அளவு சுருட்டு முனை.

காலையில அடுப்பங்கரைப் பக்கமா மாமா துப்புனது, தெறந்திருந்த களிப் பானையில எறங்கியிருக்கு.

அக்கா சத்தம் போடல. அதான் பயமே.

"ஏங்க, இங்க வாங்க. இனிமே சுருட்டு உங்க பல்லுல பட்டுச்சுன்னா, களி உங்க பல்லுல படாது."

"களி எப்பவுமே பல்லுல படாதே செல்வி. முழுங்கறதுதான?"

"அப்ப தொண்டையில படாது."

மாமா யோசிச்சாரு. தொண்டை விசயம். "அப்ப முனைய எப்பிடித்தான் எடுக்கறது?"

"தொரைங்க எப்பிடி எடுக்கறாங்க? வெட்டித்தான குடிக்கிறாங்க? நீங்க என்ன தொரைக்குக் கொறைச்சலா?"

அவ்வளவுதான். அந்த 'தொரை' போயி மாமா மண்டையில நாற்காலி போட்டு உக்காந்துக்கிச்சு. மீசைய முறுக்கி எழுந்து நின்னாரு. "சரி. வாங்கறேன் ஒரு வெட்டி. ஆனா கண்டதையும் வாங்க மாட்டேன். எனக்கு ரெண்டு கண்டிசன். ஒண்ணு, ஆயுசுக்கும் உடையக் கூடாது. ரெண்டு, நான் போற எடமெல்லாம் கூடவே வரணும்."

"நானும் அப்பிடித்தாங்க இருக்கேன்."

"அதனாலதான் பேசாத ஒண்ணாப் பாக்கறேன்."

அன்னிக்குக் களி இருந்துச்சு, கொழம்பு இல்ல.

தேடல் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல அக்காவோட பாக்குவெட்டியில கை வெச்சாரு. நல்லாத்தான் வெட்டுச்சு. ஆனா அன்னிக்கு வெத்தல போட வந்த கெம்பம்மா, பாக்க வாயில போட்டு ரெண்டு மெல்லு மெல்லி, "ஏன் செல்வி, உன் பாக்கு சுருட்டு குடிக்குதா?"ன்னு கேட்டுட்டாங்க. பாக்குவெட்டி பெட்டிக்குள்ள போயிருச்சு. பூட்டு. அடுத்தது தையக்காரர் கத்தரி. அது ஒரு முழம். மடியில சொருகிட்டு குனிஞ்சா மாமா மறுபடி நிமிரும்போது மொகத்துல வேற ஒரு ராகம் ஓடுது. அதுவும் போச்சு.

அப்புறம் பெங்களூரு. வெள்ளைக்கார மிலிட்டரிக்காரங்க இருந்த காலத்துக் கடை ஒண்ணு கண்டோன்மென்ட்ல இருக்குன்னு ஒரு டிரைவர் சொன்னான். மாமா இஸ்திரி போட்ட சட்டையோட பஸ் ஏறினாரு. கடைக்காரன் பளபளன்னு ஒண்ணு எடுத்து வெச்சான். பாக்க கைக்கடியாரம் மாதிரி. நடுவுல ஓட்டை. சுருட்ட உள்ள விட்டு அமுக்கினா பிளேடு எறங்கும்.

"சீமைச் சாமான், சார்."

"உடையுமா?"

"சீமைச் சுருட்டுக்கு உடையாது, சார்."

அந்த வார்த்தைய மாமா சரியாக் காதுல வாங்கல. நம்ம சுருட்டு என்ன சீமைச் சுருட்டா? தூக்கி எறிஞ்சா நாய் கத்தும். மூணாவது நாள் பிளேடு வளைஞ்சு, நாக்கத் தொங்கப் போட்ட மாதிரி நின்னுச்சு. அக்கா அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"தொரை வெட்டி மூணு நாள்தானா?"

"சாமான் சரியில்ல, செல்வி."

"சாமான் சரியில்லையா, தொரை சரியில்லையா?"

மாமாவுக்கு ரோசம் வந்துருச்சு. நேரா நம்ம கங்கப்பன் பட்டறைக்கு நடந்தாரு. கங்கப்பனத் தெரியும்ல? லாரி பட்டைய அடிச்சு அருவா செய்யறவரு. அன்னிக்குப் பட்டறையில துருத்தி ஊதிட்டிருந்தது யாருன்னு இப்பக் கேக்காதீங்க. கதைக்கு அது முக்கியமில்ல.

"கங்கப்பா, எனக்கு ஒரு வெட்டி வேணும்."

"ஆட்டுத் தலைக்கா, ஆளு தலைக்காண்ணா?"

"சுருட்டுத் தலைக்கு."

கங்கப்பன் சுத்தியலக் கீழ வெச்சுட்டாரு. "அண்ணா, நான் வண்டி அச்சு அடிக்கிறவன். எறும்புக்கு லாடம் கட்டச் சொல்றியே!"

"அதான் உங்கிட்ட வந்தேன். பெங்களூர்க்காரன் செஞ்சது மூணு நாள் தாங்கல. நீ செஞ்சா முப்பது வருசம் தாங்கணும். நான் எங்க போனாலும் கூடவே வரணும். மடக்கி மடியில வெச்சா இருக்கற எடம் தெரியக் கூடாது."

இப்ப கங்கப்பனுக்கும் ரோசம். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒண்ண எடுத்தாரு. லட்சம் மைல் ஓடுன பட்டை. நாலு நாள் காய்ச்சினாரு, அடிச்சாரு, அரத்துல ராவினாரு. அஞ்சாவது நாள் கையில வந்துச்சு பாருங்க. கட்டை விரல் நீளம். ரெண்டு அலகு, நடுவுல ஒரு ஆணி, மடக்கினா ஒரு புளியங்காய் மாதிரி. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை வேற.

"இது எதுக்கு கங்கப்பா?"

கங்கப்பன் அந்த ஓட்டைய அப்பத்தான் பாக்கற மாதிரி முழிச்சுட்டு, சமாளிச்சாரு. "கோத்துக்கறதுக்குத்தாண்ணா. நீ எங்க போனாலும் கூட வரணும்னு சொன்னியே?"

மாமா சொக்கிப் போயிட்டாரு. ஒரு சுருட்ட வெச்சு அமுக்கினாரு. 'சிக்'. முனை கத்தரிச்சுப் போட்ட நகம் மாதிரி விழுந்துச்சு. கம்பிய வெச்சாரு. 'சிக்'. ஆணிய வெச்சாரு. 'சிக்'. கங்கப்பன் தன் விரல எடுத்துப் பின்னால வெச்சுக்கிட்டாரு.

அதோட விட்டாரா? ஹைவேய்ஸுக்கு வந்துட்டாரு. பேரிகையில இருந்து தக்காளி ஏத்திக்கிட்டு ஒரு லாரி வருது. கையக் காட்டி நிறுத்தி, வெட்டிய ரோட்டுல வெச்சு, "ஏத்துடா"ன்னாரு. டிரைவரு இவரு தண்ணி போட்டிருக்காரோன்னு மோந்து பாத்தான். செக்போஸ்ட்ல நின்ன ஆளு, டீக்கடையில இருந்த ஆளு, ஷெட்டு மேஸ்திரி, எல்லாரும் கூடிட்டாங்க. முன் சக்கரம் ஏறுச்சு. பின் சக்கரம் ஏறுச்சு. மாமா குனிஞ்சு எடுத்து, தூசியத் தொடைச்சு, மடியில இருந்து சுருட்ட எடுத்து வெச்சாரு.

'சிக்.'

ஜனம் கை தட்டுச்சுங்க! கன்னடத்துல ஒருத்தன் 'பேஷ்'ங்கறான், தெலுங்குல ஒருத்தன் 'பலே'ங்கறான். தக்காளி லாரிக்காரன் ரெண்டு தக்காளிய மாமா கையில திணிச்சுட்டுப் போனான். மாமா அன்னிக்கு ரோட்டு நடுவுல நடந்துதான் வீட்டுக்கு வந்தாரு. வண்டிங்க ஒதுங்கிப் போச்சு. சத்தியமா ஒதுங்கிப் போச்சு.

வீட்டு வாசல்ல அக்காவும் கெம்பம்மாவும் பீன்ஸ் நாரு எடுத்துட்டிருந்தாங்க. மாமா வெட்டிய நீட்டுனாரு.

"அய்யோ, இஷ்டு சிக்கதா!" அப்பிடின்னாங்க கெம்பம்மா. இம்மாத்தூண்டா இருக்கேன்னு அவங்களுக்கு ஆச்சரியம்.

அக்கா நிமிரவே இல்ல. "இது எத்தன நாளைக்கு? நாலா?"

"நாளா! லாரி ஏறியே உடையல!"

"பெங்களூருக்குப் போறப்பவும் இப்பிடித்தான் மீசை மேல நின்னுச்சு. வர்ற வெள்ளிக்கெழமை உடைஞ்சிரும். சனிக்கெழமை மறுபடி பல்லு. ஞாயித்துக்கெழமை களியில முனை."

"ஏ செல்வி, வார்த்தைய அளந்து பேசு."

"நம்பிக்கை இருந்தா அந்தோணியார் படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணுங்களேன்."

இந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஓடியிருப்பீங்க. மாமா உள்ள போனாரு. படத்துக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்தினாரு. வெட்டிய உள்ளங்கையில வெச்சு, நெஞ்ச நிமித்தி, ஷெட்டு வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு:

"கோடி அற்புதரே! இன்னியில இருந்து நான் குடிக்கிற சுருட்டு, என் கையில இருக்கற இந்த ஒரு வெட்டியால மட்டுந்தான் வெட்டுப்படும். பல்லு, நகம், கத்தி, கத்தரி, இதே மாதிரி செஞ்ச வேற வெட்டி, எதுவும் படாது. சாகற வரைக்கும்!"

"கெம்பம்மாவுக்குக் கேக்கலையாம்" அப்பிடின்னுச்சு அக்கா.

மாமா இன்னொரு தடவ சொன்னாரு. அதுவும் பத்தலைன்னு கன்னடத்துலயும் சொன்னாரு.

"ஆமென்"னு முடிச்சுச்சு அக்கா. "இப்பக் குடுங்க, பாக்கலாம்." வாங்கிச்சு. மடக்கிச்சு, விரிச்சுச்சு. "நல்லாத்தாங்க இருக்கு." பீன்ஸ் ஒண்ண எடுத்து வெச்சுச்சு. 'சிக்'. "அட, நெசமாவே நல்லாருக்கு." இடுப்புல இருந்த சாவிக்கொத்த எடுத்து, வளையத்த விரிச்சு, அந்தப் பின்னாடி ஓட்டையில நுழைச்சுச்சு. அளவெடுத்த மாதிரி நுழைஞ்சுச்சு. கொத்து மறுபடி இடுப்புக்குப் போயிருச்சு.

"ஏ, அது என்னுது!"

"உங்களுதுதாங்க. யாரு இல்லைன்னா? காலையில தண்ணி எறைச்சு வெச்சதும் ஒரு வெட்டு. சாயந்தரம் ஷெட்டு விட்டு நேரா வீட்டுக்கு வந்ததும் ஒரு வெட்டு. முனை என் கையில விழும், பானையில விழாது."

"மீதி நாலு?"

"அந்தோணியாரக் கேளுங்க."

கேட்டாரு. தெனமும் கேட்டாரு. ஆனா அந்தோணியாரு தொலைஞ்ச பொருளத்தான கண்டுபிடிச்சுக் குடுப்பாரு? இது எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியுமே! உடைஞ்சு போனாலாவது சத்தியத்துல இருந்து தப்பிக்கலாம். எங்க உடையறது? லட்சம் மைல் பட்டை. மாமாவே கங்கப்பன்கிட்ட போயி, "ஏன்யா இவ்ளோ கெட்டியா செஞ்ச?"ன்னு சண்டை போட்டாரு.

வெட்டாமலே பத்த வெச்சுப் பாத்தாரு. இழுக்க இழுக்கக் கன்னந்தான் உள்ள போச்சு, பொகை வெளிய வரல. மீசை முனையில மட்டும் கொஞ்சம் வந்துச்சு. அது வேற பொகை.

போன மாசம் எங்க சின்னக்காவுக்குக் கொழந்தை பொறந்துச்சு. பெரியக்கா காவேரிப்பட்டினத்துல இருக்கற எங்கம்மா வீட்டுக்குப் பத்து நாளைக்குக் கெளம்பிருச்சு. சாவிக்கொத்தும் கெளம்பிருச்சு. மாமா ரெண்டு நாள் தாங்கினாரு. மூணாவது நாள், சட்டைப் பையில ஆறு சுருட்டும் வாயில ஒண்ணுமா கிருஷ்ணகிரி பஸ்ஸுல ஏறிட்டாரு.

"யோவ், பஸ்ஸுல சுருட்டு புடிக்கக் கூடாது" அப்பிடின்னான் கண்டக்டரு.

"புடிக்கலப்பா. வெட்டப் போறேன்."

"எங்க?"

"காவேரிப்பட்டினத்துல."

கண்டக்டரு பக்கத்துல இருந்த ரெண்டு பேருகிட்டச் சொல்லிச் சிரிச்சான். அங்க எறங்கி வீட்டு வாசல்ல நின்னாரு. அக்கா பச்சப்புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, "வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க"ன்னு சொல்லி, சாவிக்கொத்தோட அந்த வெட்டியக் கையில குடுத்துச்சு. மாமா கண்ணுல தண்ணி நிக்குது. கூடவே ஒரு கூடை பீன்ஸையும் பக்கத்துல நகத்தி வெச்சுச்சு.

"இத முடிச்சுட்டு ஒண்ணு வெட்டிக்குங்க."

போற எடமெல்லாம் கூடவே வரணும்னாரு இல்ல? வெட்டி முன்னால போகுது, மாமா கூடவே வராரு.

என்னது? அந்த ஓட்டையா? அக்கா சாவி வளையத்த முன்னாடியே எங்கிட்டக் குடுத்து, இது நுழையற அளவுக்குப் போடுடான்னு சொல்லிச்சு. கங்கப்பன் டீ குடிக்கப் போன நேரத்துல போட்டது, அன்னிக்குத் துருத்தி ஊதிட்டிருந்த நான்தான். ஒரு கோழிக் கொழம்புக்கு எங்க மாமாவ வித்துட்டேன்.