சுவரில் முளைத்த அரசு

ஆனி பதினான்கு. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. கன்றுக் காப்புச் சட்டத்தை அவையில் ஒருவர் எதிர்த்தார் என்று எழுதியிருந்தேன். அவர் எதிர்க்கவில்லை, தும்மினார். அரசாணை எழுத்தர்களுக்கான மாலை வகுப்பில் ஆசிரியர் கோதண்டம் அதைப் படித்துவிட்டு, தும்மலுக்கும் கருத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ஆணை எழுத வரக்கூடாது என்றார். சரிதான். ஆகவே நடந்ததை முதலிலிருந்து, வரிசை குலையாமல், மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன்.

அரசம்பதி என்றொரு நாடு. அங்கே ஆளப்படுவோர் வீடுகளில் வாழ்கிறார்கள். ஆள்வோர் கூடாரங்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் குதிரையில் வந்து நாட்டைப் பிடித்தவர்கள் என்பதால் அப்படி ஒரு வழக்கம். கூடாரங்களில் பட்டுத் திரை உண்டு, முத்துக் குஞ்சம் உண்டு. சுவர் மட்டும் கிடையாது. மன்னர் முதல் அவையின் கடைசி உறுப்பினர் வரை ஒருவருக்கும் சொந்தமாக ஒரு சுவர் இருந்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வீடுகளில் ஒரு பழைய தொல்லை உண்டு. காக்கை அரசம்பழத்தைத் தின்றுவிட்டுச் சுவரில் வந்து உட்காரும். எச்சத்தோடு விதை விழும். மழை பெய்ததும் விரிசலில் இரண்டு இலை எட்டிப் பார்க்கும். பெண்கள் அதைப் பிடுங்கிவிட்டுச் சாந்து பூசுவார்கள். சுவர் தாங்கும் என்று தோன்றினால் விட்டு வளர்ப்பவர்களும் உண்டு. அப்படி மரம் நிற்கும் வீடுகள் அழகாகவே இருக்கின்றன. எதைச் செய்வது என்பதை அந்தச் சுவரோடு வாழ்பவரே முடிவு செய்துவந்தார்.

ஒரு நாள் நிழல்துறை அமைச்சர் மாசிலார் அவையில் எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு செய்தி சொன்னார். அரச மரத்துக்கு 'அரசு' என்றொரு பெயர் உண்டு. எனவே குடிகள் காலையில் எழுந்ததும் அரசைப் பிடுங்கித் தெருவில் எறிந்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு நம் சட்டத்தில் என்ன பெயர் என்று அவர் கேட்டார். அவை ஒரே குரலில் அரச துரோகம் என்றது. தும்மல் வந்தது இந்த இடத்தில்தான்.

எந்த நிலையிலிருந்து அது அரசு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. விதை விழுந்ததுமே என்றார்கள் சிலர். மிதவாதி என்று பெயரெடுத்த ஒருவர், காக்கை பழத்தைப் பார்த்து ஆசைப்பட்ட நொடியிலிருந்தே என்றார். முடிவில், நிழல் தரத் தொடங்கியதும் அது அரசு என்று தீர்மானித்தார்கள். அமைச்சர் உடனே ஒரு வீட்டுக்குப் போய், சுவரோரம் வயிறு தரையில் படத் தவழ்ந்து பார்த்தார். (தவழ்ந்து என்று எழுதலாமா என்று தயங்கி, ஆணையில் 'தாழ எழுந்தருளி' என்று போட்டேன்.) இரண்டு இலைக் கன்றின் நிழலில் ஓர் எறும்பு இளைப்பாறிக்கொண்டிருந்தது. நிழல் உறுதியானது; கன்றைப் பிடுங்கக்கூடாது என்று கன்றுக் காப்புச் சட்டமும் நிறைவேறியது. எறும்பு இளைப்பாறியதா, செத்துக் கிடந்ததா என்று நான் வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் கீழத்தெரு வேலம்மை வீட்டுச் சுவரில் ஒரு கன்று முளைத்தது. வேலம்மை அப்பளம் இட்டு விற்பவள். வீடு என்பது ஓர் அறை, நான்கு மண்சுவர். கன்று முளைத்தது உத்திரத்தைத் தாங்கும் சுவரில். அது சரிந்தால் கூரை முழுவதும் இறங்கும். கீழேதான் அவளும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் படுத்துத் தூங்குகிறார்கள்.

அவள் சுவரதிகாரி நெடுமுடியாரின் கூடாரத்துக்கு வந்து, பிடுங்க அனுமதி கேட்டாள். பயிற்சிக்காக நான் அங்கே உட்கார்ந்து பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

"சம்பவத்தன்று சுவர் என்ன நிறத்தில் இருந்தது?" என்று கேட்டார் சுவரதிகாரி.

"வெள்ளைங்க. பொங்கலுக்கு அடிச்சது."

"வெள்ளை. பறந்துபோகிற காக்கையைக் கூப்பிடுகிற நிறம்."

"நான் எங்கய்யா கூப்பிட்டேன்? அந்தக் காக்காயைப் புடிச்சுக் கேளுங்களேன்."

"இளம் காக்கை, அம்மா. அதன் எதிர்காலம் பாழாக வேண்டுமா?"

வளர்ந்தால் தண்ணீர் யார் ஊற்றுவது, வேர் உள்ளே வந்தால் நாங்கள் எங்கே போவது என்றும் அவள் கேட்டாள். கன்றாக இருக்கும்வரைதான் நிழல்துறை, மரமாகிவிட்டால் அது விறகுத்துறையின் பொறுப்பு என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அவை இரக்கமற்றது அல்ல. முதல் திருத்தம் விரைவிலேயே வந்தது. சுவருக்கு ஆபத்து என்றால் கன்றைப் பிடுங்கலாம். ஆபத்துக்குச் சான்றாக, விழுந்த சுவரை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அமைச்சரின் தங்கை சுவருள்ள ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டிலும் கன்று முளைத்தது. அவள் சுவரை அப்படியே பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றி, அண்டை நாட்டுக்குத் தலயாத்திரை அழைத்துப் போனாள். சுவர் புண்ணியம் தேடிக்கொண்டு துப்புரவாகத் திரும்பி வந்தது. அமைச்சர் அதற்கு ஆரத்தி எடுத்தார். வண்டி இல்லாதவர்கள், சந்தைக்குப் பின்னால் கடப்பாரையோடு நிற்கும் ஒருவனைக் கூப்பிட்டார்கள். வேர் எது, கல் எது என்று அவனுக்குத் தெரியாது. வடக்குத் தெருவில் ஒரு சுவர் ஒருத்தியின் மேல் விழுந்தது. அவள் பெயரை எழுதக்கூடாது என்று உத்தரவு. இடிபாட்டில் கன்று பிழைத்திருந்தது. நிழல்துறை அதற்கு மாலை போட்டது.

அதன் பிறகு தெருக்களில் முணுமுணுப்பு எழுந்ததால் இரண்டாம் திருத்தம் வந்தது. 'வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தால் பிடுங்கலாம்.' அந்த வரியைப் படியெடுத்தது நான்தான். தெளிவாக இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாளே வேலம்மை கையெழுத்தோடு வந்தாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்யா."

"வீட்டுக்காரர் எங்கே?"

"நான்தான் வீட்டுக்காரி. எங்கம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போன வீடு."

"வீட்டுக்காரர் என்றால் கணவர், அம்மா. தெருவில் எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

கேட்டார்கள். தெருவில் எல்லாப் பெண்களும் வீட்டுக்காரர் என்றால் கணவர் என்றே சொன்னார்கள். அதை மறுக்க முடியவில்லை. வேலம்மையின் கணவர் உப்பு வியாபாரத்துக்கென்று போய்த் திரும்பாதவர். இரண்டு குதிரை வீரர்கள் தேடிப் போய்த் துறைமுகத்தில் அவரைப் பிடித்தார்கள். எந்த வீடு என்று கேட்டாராம். விளக்கியதும், மரம் என்றால் நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம்.

வேலம்மை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அந்த மனுசன் போறப்ப கதவைக்கூடச் சாத்திட்டுப் போகல. அவரு வீட்டுக்காரரு, நான் யாரு?"

கேள்வி நியாயமாக இருந்ததால் அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். குழு கூடாரத்தில் கூடி, வீட்டுக்காரர் என்ற சொல்லைப் பல கோணங்களில் ஆராய்ந்தது. அறிக்கை இன்று வந்தது. வகுப்பில் அதைப் படியெடுக்கச் சொன்னார்கள். வீட்டை விட்டு நீங்காதவரே வீட்டுக்காரர். கணவர் நீங்கிவிட்டார். வேலம்மையும் அப்பளம் விற்கத் தினமும் வெளியே போய்விடுகிறாள். வெயிலிலும் மழையிலும் சுவரை விடாமல் பற்றிக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர் ஒருவர்தான். ஆகவே கன்றே வீட்டுக்காரர். கன்று மனம் வைக்கும்வரை வேலம்மை அங்கே தங்கியிருக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் சுவரதிகாரி முன்னிலையில் நான் அதை வேலம்மைக்குப் படித்துக் காட்டினேன். நிறுத்தங்கள் சரியாக வந்தன என்றே நினைக்கிறேன்.

"கை நுழையற அளவுக்கு விரிசல் விட்டிருக்கு," என்றாள் அவள். "பொண்ணுங்களைக் கதவோரமாப் படுக்க வைக்கிறேன். சுவரோரம் நான் படுத்துக்கிறேன். விழுந்தா என் மேல விழுந்துட்டுப் போகட்டும்னு. அதையும் எழுதிக்கோங்க."

எழுதலாமா என்று சுவரதிகாரியைப் பார்த்தேன். அவர் கூடாரத்தின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது, இரண்டாம் திருத்தம் இன்னும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது, அரசு சொன்ன சொல் தவறாது என்றார் சுவரதிகாரி. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் தாராளமாகப் பிடுங்கிக்கொள்ளலாம்.

நாளைய வேலை: காலையில் மையும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய், வேலம்மை வீட்டுச் சுவரில் இருக்கும் வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சுவர் எந்த நேரமும் விழலாம் என்பதால், உள்ளே போகாமல் தெருவில் நின்றே கேட்கும்படி சுவரதிகாரி சொல்லியிருக்கிறார்.