உப்பாத கத்தோ

கத்தோ உப்பவே இல்லை. தாமிரச் சட்டியின் மூடிமேல் கிடந்த தணலைத் தள்ளிவிட்டு, லூர்துநாதன் எட்டாவது முறையாகத் திறந்து பார்த்தார். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் பூப்போல எழும்புகிற சாக்லேட் கேக், இங்கே செருப்புத் தோல் மாதிரி படுத்துக் கிடந்தது.

"மூடியத் தொறந்துட்டே இருந்தா எப்பிடிங்க உப்பும்?" என்று உள்ளறையிலிருந்து மனைவி சூசைமேரி குரல் கொடுத்தாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். எழுந்து வரவும் கூடாது. பத்தியம் என்பதால் ருசி பார்க்கவும் கூடாது.

லூர்துநாதனும் வாயில் வைக்க முடியாது. எட்டு மணிப் பூசையில் மகள் ஆனந்தமேரிக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. பக்கத்தில் நின்று அவரும் நற்கருணை வாங்க வேண்டும். அதுவரை இருவர் தொண்டையிலும் பச்சைத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது. பள்ளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சாப்பிடும் அதே கத்தோ உனக்கும் உண்டு என்று மகளுக்கு ஒரு வருஷமாக வாக்குக் கொடுத்திருந்தார். சைகோனிலிருந்து மச்சான் அனுப்பிய சாக்லேட்டில் பாதி இந்தச் சட்டிக்குள் போய்விட்டது.

பூசைக்குப் போகாத நாக்கு ஒன்று அவசரமாக வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பால்காரர் பலராமன் கன்றுக்குட்டிக்குப் புண்ணாக்கு பிசைந்துகொண்டிருந்தார்.

"பலராமண்ணே, இதக் கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்க. பொண்ணு விசேஷம்."

பலராமன் தயங்கினார். பிறகு ஓரத்துத் துண்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

"கசக்குது, முசே," என்று திரும்பி வந்து பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார்.

லூர்துநாதன் கத்தோவைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டுச் சர்க்கரைப் பாகை ஊற்றினார். போதாது என்று தோன்ற, இன்னும் ஊற்றினார். கத்தோ கொழகொழத்துப் போயிற்று.

இரண்டாவது துண்டு மதில் தாண்டியது. பலராமன் மறுபடியும் கொட்டகைக்குள் போய்த் திரும்பினார்.

"இனிப்பு சரி. ஆனா மனசு ஒட்டல. மல்லாட்டய வறுத்து அரச்சுப் பூசுங்க முசே, அந்த வாசனைக்கு மயங்காத சீவன் கெடையாது."

"கத்தோவுல வேர்க்கடலையா?" என்று சூசைமேரி அலறினாள். "புண்ணாக்கு வைக்கச் சொல்லலியா?"

"சும்மா இரு. மனுஷன் யோசிச்சுச் சொல்றாரு."

அம்மியில் அரைத்து, வெண்ணெயும் வெல்லமும் கூட்டிப் பூசினார். ஈரத்தில் அது வழுக்கி, மழையில் நனைந்த மண்சுவர்போல ஒரு பக்கமாக இறங்கியது. அதை மறைக்க மிச்ச சாக்லேட் முழுவதையும் உருக்கி ஊற்றினார். இனித் திருத்துவதற்குக் கையில் எதுவும் இல்லை.

மூன்றாவது துண்டு போனது. இந்த முறை பலராமன் ஓடியே வந்தார்.

"இன்னொரு துண்டு குடுங்க, முசே!"

கோயில் மணி அடித்தது.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். முதல் துண்டு, மகளின் ஞானத்தாய், குறை சொல்வதில் பேர்போன இருதயமேரிக்கு. அவள் மென்றாள். தட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"இது கத்தோ இல்ல," என்றாள்.

ஆனந்தமேரி வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன் லூர்துநாதன் தலை குனிந்துகொண்டார்.

"இதத் தின்னுட்டு அதப் போயி எவ தின்னுவா? இன்னும் வை!" என்று இருதயமேரி தட்டை நீட்டினாள்.

மூக்கு நுனிவரை சாக்லேட் பூசிக்கொண்ட ஆனந்தமேரி சொன்னாள்: "அப்பா, கிறிஸ்மஸுக்கும் இதே உப்பாத கத்தோதான் வேணும்!"

பால் செம்போடு பலராமனின் மனைவி செல்வாம்பாள் உள்ளே வந்தாள். லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு நாக்குக்குத் தங்கத்துல பூண் போடணும்!"

செல்வாம்பாள் விழித்தாள்.

"அவரு எங்க தின்னாரு, அண்ணே? இன்னிக்கு அவருக்குக் கிருத்திகை விரதம். நல்ல நாளும் அதுவுமா முடியாதுன்னு சொல்ல மனசு வராம, எங்க கன்னுக்குட்டிக்கில்ல ஊட்டி ஊட்டிப் பாத்தாரு, மூணாவது தடவதான் அது தலைய ஆட்டிச்சாம்!"