கொழும்பின் கண்ணுக்கு ஒரு பொட்டு

"இந்த வருசம் முடியிறதுக்கிடையிலை கொழும்பு என்னைத் திரும்பிப் பாக்கும்!"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் 'டக்' என்று வைத்து என் கணவர் சபதம் செய்தார். அதுவரை அவரைத் திரும்பிப் பார்த்தது வெள்ளவத்தை மாக்கற்றில் ஒரு பூனை மட்டும்தான். அதுவும் கையில் மீன் இருக்கிறதோ என்று பார்த்தது.

இவர் பெயர் தனுஷன். திங்கள் முதல் வெள்ளி வரை காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். சனி, ஞாயிறில் கலைஞர். கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் பழைய கமராவைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து பிடித்துக்கொண்ட வருத்தம் இது. பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து, 'கொழும்பின் கண்' என்று பெயரும் வைத்தார்.

அந்தப் பெயரில் இருந்த 'கண்'தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் பயந்த சுபாவம். லிஃப்ற் நடுவழியில் நின்றுவிடுமோ என்று படியால் ஏறுவேன். படியில் விழுந்துவிடுவேனோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். சாம்பவி பிறந்த பிறகு இந்தப் பயமும் பால் குடித்துக் கொழுத்துவிட்டது. ஏழு மாதப் பிள்ளை. பார்க்கிறவர்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். கிள்ளுவது போதாதென்று "என்ன வடிவு!" என்று வேறு சொல்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்று பின்னேரம் எங்கள் குசினியில் செத்தல் மிளகாயும் உப்பும் வெடிக்கும். கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டுக்கும் குறைவில்லை. எதிர் ஃப்ளற் றஞ்சிதம் அன்ரி தன் கையாலேயே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் காயவைத்துத் தந்திருந்தா. விரலை நனைத்துத் தொட்டு வைக்கவேண்டியதுதான்.

இவருடைய படங்களைக் குறை சொல்லமாட்டேன். புதுக்கடை நீதிமன்ற வாசலில் மழைக்கு ஓடும் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள். தெமட்டகொடையில் றெயில் பாதையோரம் காயும் சாறங்கள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்ஸுக்குள் நித்திரை கொள்ளும் கொண்டக்டர். எல்லாம் இருந்தது. லைக்தான் இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு வரும். ஒன்று என்னுடையது. மற்றது மாமியுடையது. மாமி கை தவறி இரண்டாந்தரம் அழுத்தினால் அதுவும் போய்விடும்.

அப்போதுதான் இணையத்தில் 'நகர முகங்கள்' என்றொரு படப் போட்டி வந்தது. போன முறை முதற்பரிசு ஒரு குழந்தைப் படத்துக்காம். இதை வாசித்த இவருடைய பார்வை, மெல்ல மெல்லத் திரையை விட்டு இறங்கி, பாயில் கிடந்த சாம்பவியில் போய் நின்றது.

"இஞ்சேருங்கோ, வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்டுமே சொல்லேல்லையே."

"உங்கட பார்வை சொல்லுது."

"ஒரேயொரு படம். பின்னுக்குக் கடல், றெயில் பாதை. முன்னுக்கு இவள்ரை முகம். பாத்தவன் அப்பிடியே நிண்டுடுவான்."

"அதுதான் பயம். நிக்கிறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது."

"எல்லாரும் நல்ல ரசிகர்கள்தானே."

"உங்கட பக்கத்திலை ஒருத்தர் தனக்குக் 'கறுப்புச் சிங்கம்' எண்டு பேர் வைச்சிருக்கிறார். முகத்துக்குப் பதிலா மோட்டச்சைக்கிள் படம். தன்ரை முகத்தைக் காட்டாதவருக்கு என்ரை பிள்ளையின்ரை முகத்தை ஏன் காட்டவேணும்?"

"அவர் பாங்க் மனேச்சரா இருக்கலாம்."

"பாங்கிலையும் சிங்கமெண்டோ கையெழுத்து வைக்கிறவர்? நாவூறு வேற. இத்தனை கண் ஒரே நேரத்திலை பட்டா ஏழு மாசப் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?"

"கொன்வென்ற்ல படிச்சுப்போட்டு நாவூறு எண்டு கதைக்கிறீர்! சிஸ்டர்மார் கேட்டா அழுவினம்."

அழமாட்டார்கள். பரீட்சைக்கு முன் எங்கள் பேனைகளுக்குத் தீர்த்தம் தெளித்துத் தந்ததே அந்தச் சிஸ்டர்மார்தான்.

"போட்டிக்குச் சாம்பவிதான். முடிவு," என்று எழும்பிவிட்டார்.

இவரோடு வாதாடி வெல்ல என்னால் முடியாது. பயந்தவர்களைக் கதைத்து மடக்குவதுதானே காப்புறுதிக்காரரின் தொழில்! ஆனால் ஒரு பொறுப்பு மட்டும் என் கையில் இருந்தது. லென்ஸ் துடைக்கும் துணி. தன் கை முரடு, கீறிவிடும் என்று அந்த வேலையை எப்போதோ எனக்குத் தந்துவிட்டார். "உமக்குத்தான் பிள்ளை துடைச்சுப் பழகின கை," என்பார்.

அடுத்த சனி காலை பிள்ளையைக் குளிப்பாட்டி, கன்னத்தில் பொட்டு வைத்தேன். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துடைத்து வைத்த கமரா மேசையிலிருந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தது. நானோ ஊர்க்கண்ணுக்குப் பயந்து பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறேன். ஊரையே கூட்டிக்கொண்டு வரப்போகிற கண் இதோ என் வீட்டுக்குள் இருக்கிறது. விரல் தானாகப் போனது. லென்ஸின் ஓரத்தில் சின்னதாய் ஒன்று. ஊதிக் காயவைத்து மூடியைப் போட்டேன்.

இவர் அதைக் காணவில்லை. கமராக்காரர் எப்போதும் கமராவின் பின்பக்கத்தில்தான் வாழ்கிறார். முன்பக்கம் எங்களுக்கு.

கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்து படங்களைத் திரையில் போட்டார். ஃப்ளற் அதிர்ந்தது.

"ஐயோ! மூலையிலை இதென்ன கறுப்பா, புகை மாதிரி?"

"பொட்டு மாதிரி இருக்கு," என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று படித்தவள் நான்.

"பொட்டோ! விசர்க்கதை. கடற்காத்துக்கு உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது!"

கேட்ட கேள்விக்கு உண்மை சொல்லவேண்டும் என்றுதான் சிஸ்டர் சொல்லித் தந்தார். கேட்காததற்கும் சொல் என்று சொன்னதாய் ஞாபகமில்லை.

மறுநாள் புறக்கோட்டையில் திருத்துகிறவரிடம் கொண்டுபோனார். போகுமுன் துடைத்துக் கொடுத்தேன். அழுக்கோடு ஒரு பொருள் வீட்டை விட்டுப் போனால் வெட்கம் யாருக்கு?

"அவுலக் நே, மஹத்தயா எண்டுறான்," என்று திரும்பி வந்தார். "ஒரு பிழையும் இல்லையாம். அவனிட்டைப் போனா இந்தக் கமரா நல்ல பிள்ளை. என்ரை கையிலைதான் வருத்தம்."

ஆத்திரத்தில், கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் ஒரு மனுசி குடையோடு காத்திருக்கும் படத்தை, மூலைக் கறுப்போடு அப்படியே பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டுப் படுத்தார். விடிய, போன் மேசையில் பிடித்துப் போட்ட மீன்போலத் துள்ளியது. லைக். லைக். லைக். கறுப்புச் சிங்கம் எழுதியிருந்தார்: "சகோ, அந்த மூலையின் இருள்! நகரத்தின் சொல்லப்படாத துயரம் அல்லவா அது!"

"இஞ்சை வாரும்," என்றார் இவர். குரலே மாறிவிட்டது. "நான் என்ன செய்திருக்கிறன் எண்டு பாரும்."

"என்ன செய்தனீங்கள்?"

"இருள்."

அதன் பிறகு பூஞ்சணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் ஒவ்வொரு சனியும் ஞாயிறும் துடைத்து, பொட்டு வைத்து, மூடி போட்டுக் கொடுத்தேன். இவர் மீன்காரரிடமும் இருளைப் பற்றிப் பேசினார். தாடி வளர்த்தார். பிள்ளையைத் தூக்க வந்த றஞ்சிதம் அன்ரி அதைப் பார்த்துப் பதறிப்போனா.

"தம்பி, என்ன தாடி?"

"கலை, அன்ரி."

"ஓ! நான் ஆரின்ரையோ செத்தவீடாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த பொட்டு கண்களை விரட்டவில்லை. வெற்றிலை வைத்து அழைத்துவிட்டது. முன்பென்றால் சாம்பவியை மாமியும் சிங்கமும்தான் பார்த்திருப்பார்கள். இப்போது பக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். இவரோ போட்டியை மறக்கவில்லை. "இவள்ரை முகம், என்ரை இருள். முதற்பரிசு நிச்சயம்," என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. சன்னலடியில் தலையணை வைத்துப் பிள்ளையை இருத்தினார்.

"லென்ஸை நல்லாத் துடைச்சுத் தாரும். முக்கியமான படம்."

துடைத்தேன். துடைத்தது மட்டும்தான். பொட்டு வைக்கவில்லை.

கிளிக், கிளிக் என்று எடுத்தார். பின்திரையைப் பார்த்தார். பெரிதாக்கித் திரும்பவும் பார்த்தார்.

"காணேல்லை!"

"என்னத்தை?"

"என்ரை இருளை!"

எட்டிப் பார்த்தேன். வீணீர் வடியச் சிரித்துக்கொண்டு பளிச்சென்று இருந்தாள் சாம்பவி.

"வடிவாத்தானே இருக்கு?" என்றேன், மனதுக்குள் உப்பைச் சுற்றிக்கொண்டே.

"வடிவு ஆருக்கு வேணும்? வடிவு எல்லாரிட்டையும் கிடக்கு! திரும்பத் துடைச்சுத் தாரும்."

திரும்பத் துடைத்தேன். திரும்ப எடுத்தார். இருள் இல்லை. சந்தேகம் வந்து, குளியலறை வாளியைப் படம் எடுத்துப் பார்க்கப் போனார். அதற்கும் துடைத்துத் தரச் சொன்னார். இந்த முறை விரல் சிரட்டைக்கும் போய் வந்தது.

"வாளியிலை நிக்குது! பாரும், என்ன ஆழம்!"

பிறகு செருப்பு. இருள். றைஸ் குக்கர். இருள். திரும்பவும் பிள்ளை. "துடைச்சுத் தாரும்." துடைத்தேன். வெளிச்சம். இவர் கதிரையில் தொப்பென்று இருந்தார். நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"விளங்கிட்டுது. குழந்தையிட்டைத் துயரம் இல்லை. துயரம் இல்லாத இடத்திலை என்ரை கலை வேலை செய்யாது."

"அப்ப போட்டிக்கு?"

"வாளி."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு படபடக்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

'நகர முகங்கள்' போட்டியில் எங்கள் வாளிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது.

கிடைத்ததோடு விட்டார்களா? இவரை நேரலையில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'இருளை அழைப்பது எப்படி?' ஞாயிறு பின்னேரம், மேலே இஸ்திரி போட்ட சேட்டும் கீழே சாறமுமாய் லப்ரொப்புக்கு முன் அமர்ந்தார். நானும் சாம்பவியும் கதவோரம்.

"இருளை நாங்கள் தேடிப் போகக்கூடாது," என்றார் இவர். "அது எங்களைத் தேடி வரவேணும். என்னட்டை விசேசமான கருவி ஒண்டும் இல்லை. சாதாரணக் கமரா. நீங்களே பாருங்கோ."

மூடியைக் கழற்றி, கமராவின் முகத்தைத் திரைக்குக் கிட்டப் பிடித்தார்.

காலையில் வைத்தது அப்படியே இருந்தது. திரை முழுவதும் லென்ஸ். லென்ஸின் ஓரத்தில் அது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்க வந்த றஞ்சிதம் அன்ரி, மூக்குக்கண்ணாடியை ஏற்றித் திரையைப் பார்த்தா. அன்ரிக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"ஐயோ தம்பி! என்ரை பொட்டை ஆர் கமராவுக்கு வைச்சது?"

இவர் கமராவைத் திருப்பினார். கைக்கு வந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் அதன் முகத்தைப் பார்க்கிறார். பொட்டைப் பார்த்தார். சாம்பவியின் கன்னத்தைப் பார்த்தார். அதே அளவு, அதே கோணல். பிறகு என் விரலைப் பார்த்தார். நான் பின்னால் மறைத்தேன். பிந்திவிட்டது.

திரையில் இதயங்களும் சிரிப்பு முகங்களும் பொங்கி வழிந்தன. கறுப்புச் சிங்கம் மட்டும் மரியாதையாக எழுதினார்: "சகோ, எங்கட அம்மாவும் இப்பிடித்தான்."

லப்ரொப்பை மூடினார். அன்ரி பிள்ளையோடு நழுவிவிட்டா.

"எப்பயிருந்து?"

முதன்முறையாகக் கேட்டுவிட்டார். இனி உண்மையைத்தான் சொல்லவேண்டும்.

"பிள்ளையைப் போடுறன் எண்டு நீங்கள் வெளிக்கிட்ட நாளிலையிருந்து."

"அப்ப... வாளி?"

"வாளியும்தான்."

இப்போது நானே கேட்டேன். "இனியும் பிள்ளையின்ரை முகத்தைப் போடுவீங்களோ?"

இவர் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்குப் பயம். நாவூறு மட்டுமில்லை. எல்லாத்துக்கும் பயம்," என்றேன். இவர் தலையை மட்டும் ஆட்டினார். கோபத்திலா, சம்மதத்திலா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த சனி காலை பிடிபட்டது. சாம்பவியை மடியில் வைத்துக்கொண்டு விரலை நனைத்துச் சிரட்டையைத் தொட்டேன். பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. தாடி எடுத்திருந்தார். மூடி கழற்றிய கமராவைக் குனிந்து என் முன் நீட்டினார்.

"கொட்டாஞ்சேனைக்குப் போறன். கொஞ்சம் வலப்பக்கமா வையும்."

"பொறுங்கோ," என்றேன். "முதல்லை பிள்ளைக்கு."