அமைச்சரிடம் நான் கேட்டு வாங்கிய செக்போஸ்ட்

நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அவற்றில், கேட்டது கேட்டபடி உடனே கிடைத்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த வெற்றியிலிருந்து எங்கள் குடும்பம் எழுந்து உட்கார ஒன்றரை வருஷம் பிடித்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் பி.காம். முடித்துவிட்டு, குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா நடத்திவந்த அரிசி மில்லில் உட்கார்ந்திருந்தேன். (வேலை செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. அக்கா இதைப் படிப்பாள்.) பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் பதினொன்று வீட்டு அலமாரியில் இருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வாய் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கனவு: தோளில் துண்டு, முன்னால் மைக், எதிரே கூட்டம். அடுக்குமொழியில் பேசினால் ஆட்சியையே பிடிக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். நான் சாப்பாடு கேட்பதைக்கூட எதுகையோடுதான் கேட்பேன்.

மில் தொழில் அன்று எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் முதல் பட்டுக்கோட்டை வரை எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. அந்த ஜில்லா எல்லையைத் தாண்டி நெல்லோ அரிசியோ போக வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். பிரசவித்த மகளைப் பார்க்கப் பத்துப் படி அரிசியோடு கிளம்பிய அம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்த கதையெல்லாம் உண்டு. மில் வைத்திருப்பவருக்கோ இன்னும் விசேஷம். லைசென்ஸ் வேண்டும், வாசலில் இருப்புப் பலகை வேண்டும். அரைத்த அரிசியில் ஒரு பங்கை லெவி என்று அரசு சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். மீதியை விற்றால் விற்பனை வரி. வெளி ஜில்லா வியாபாரி வாங்கினால் பர்மிட். அந்தப் பர்மிட்டுக்குத் தஞ்சாவூர் போக வேண்டும்.

அத்தா விடியற்காலை பஸ்ஸில் போவார். அதிகாரி ‘கேம்ப்’ போயிருப்பார். மறுநாள் போவார். அதிகாரி இருப்பார், முத்திரை போடுகிற குமாஸ்தா லீவில் இருப்பார். மூன்றாம் நாள் இருவரும் இருப்பார்கள், அதற்குள் விதி மாறியிருக்கும்.

“வரி கட்டுறது கூட வலிக்கலைங்க. இன்னிக்கு என்ன ரூல்னு தெரியாம காலைல மில்லைத் திறக்கிறோம் பாருங்க, அதுதான் வயித்தக் கலக்குது” என்று அத்தா சங்கத் தலைவரிடம் சொல்வார். மாயவரத்தில் பெரிய மில் வைத்திருந்த செட்டியார்தான் எங்கள் வட்டார மில் முதலாளிகள் சங்கத்தின் தலைவர்.

அந்தச் சமயத்தில்தான் அமைச்சர் ஒருவர் மாயவரம் வருகிறார் என்று செய்தி வந்தது. சங்கம் ஒரு வரவேற்புக்கு ஏற்பாடு செய்தது. பேச யாரைப் போடுவது என்று செட்டியார் யோசித்தபோது, என் கோப்பைகளைப் பற்றி அவர் காதில் போட்டவர் அத்தாதான். இதை இங்கே பதிவு செய்வது என் கடமை. குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

செட்டியார் என்னைக் கூப்பிட்டு விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: “தம்பி, மூணே விஷயம். பர்மிட்டை எடுக்கணும். லெவியக் குறைக்கணும். விற்பனை வரியக் குறைக்கணும். இத சொல்லிட்டு எறங்கிடுங்க. மத்தத மனுவுல எழுதிக் குடுத்துருவோம்.”

மூன்று வாக்கியம்! பதினொரு கோப்பை வாங்கியவனிடம் மூன்று வாக்கியம்! எனக்கு அவர்மேல் பரிதாபமே வந்தது. பாவம், பேச்சுக் கலை அறியாதவர் என்று மன்னித்துவிட்டு, நாலு நாள் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தேன்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தொண்டையைச் செருமியே பாதி நேரத்தைத் தீர்த்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

“களத்தில் விளைந்த நெல்லைக் கரையேற்ற ஒரு காகிதம்! காகிதம் கிடைக்க ஒரு கையெழுத்து! கையெழுத்தைத் தேடிக் காததூரம்!”

கைதட்டல். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அமைச்சர் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே நிறுத்திச் செட்டியாரின் மூன்று வாக்கியங்களைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் கைதட்டல் என் மண்டைக்குள் நுழைந்துவிட்டது.

“அரசைத் தேடி நாங்கள் அலைகிறோம்! அன்னை போன்ற அரசே, நீ எங்களைத் தேடி வரமாட்டாயா? தஞ்சையிலே இருக்கிற அலுவலகம் எங்கள் தெருவுக்கு வரக்கூடாதா? வாசலுக்கு வரக்கூடாதா? வா என்று அழைக்கிறோம், வரக்கூடாதா?”

அரங்கம் அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. முதல் வரிசையில் செட்டியார் மூன்று விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அது ஏதோ வெற்றிச் சின்னமாகத் தெரிந்தது.

அமைச்சர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். மைக்கில், “தம்பி கேட்டது நியாயம். அலையவிடக்கூடாது. குத்தாலம் வட்டாரத்துக்குப் பர்மிட் ஆபீஸும் செக்போஸ்ட்டும் தனியாவே போட்டுடலாம்” என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, “எடம் இருக்கா தம்பி?” என்று கேட்டார்.

அந்தக் கணத்தில் நான் பேசவில்லை. என் வாய் பேசியது.

“ஏன் இல்லை? எங்கள் மில்லின் முன்கொட்டகையையே தருகிறோம்! வாடகையே வேண்டாம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் வரிசையில் இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை. ஒருவர் செட்டியார். அவர் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அத்தா.

அத்தாவும் நானும் வாடகைக் காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தா மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மாடி ரூமும் காலியாத்தான் கெடந்துச்சு. அதையும் குடுத்துருக்கலாமேடா?” என்றார்.

அரசு அலுவலகம் எதுவும் சொன்ன நாளில் வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இது இருபதே நாளில் வந்தது. சாலையின் குறுக்கே மூங்கில் தடுப்பு, கொட்டகையில் ஒரு மேஜை, ஒரு இரும்புப் பீரோ. கூடவே ஆய்வாளர் சிவக்கொழுந்து. ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. லஞ்சம் வாங்கமாட்டார். (எங்கள் தலையெழுத்து அப்படி.) முதல் நாள் அம்மா அனுப்பிய காபியை, “தப்பா நினைக்காதீங்க. ஆலைக்காரங்க வீட்டுக் காபி குடிச்சுட்டு ஆலைக்காரங்க நோட்டைப் பாக்க முடியாதுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவின் காபியை வேண்டாமென்ற முதல் மனிதர்.

மில்லுக்குள் வருகிற ஒவ்வொரு வண்டியையும் அவர் நிறுத்தினார். யார் நெல், எந்த ஊர், எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதினார். இதில் என்ன ஆபத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம் அது. பெரிய மிராசுதார்கள் தங்கள் நிலத்தை மச்சான், மாமன், சமையல்காரர், கார் டிரைவர் என்று கைக்கு எட்டிய பெயரிலெல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். வயலிலோ செங்கொடி பறந்துகொண்டிருந்தது. கூலிக்காகவும் நிலத்துக்காகவும் தினம் ஒரு ஊரில் தகராறு. இந்த நிலைமையில் ‘யார் நெல்’ என்ற கேள்வியை எங்கள் பக்கம் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. சிவக்கொழுந்து எங்கள் மில் வாசலில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டார்.

மூன்றாம் வாரம், ‘பெரிய பண்ணை’ என்று நாங்கள் சொல்லும் மிராசுதாரின் வண்டிகள் வந்தன. எங்கள் மில்லில் பாதி நெல் அவர் நெல்தான். முன்வண்டியை ஓட்டிவந்தவர் மாரிமுத்து. பண்ணையில் பிறந்து பண்ணையிலேயே தலை நரைத்தவர். அவர் நீட்டிய சீட்டை ஆய்வாளர் வாங்கிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“யாரு நெல்லுப்பா?”

“அய்யா நெல்லுங்க. பெரிய பண்ணை.”

“சீட்டுல மாரிமுத்துன்னு இருக்கே. மாரிமுத்து யாரு?”

“நான்தாங்க.”

“வடக்குவெளி ஆறு ஏக்கர், மாரிமுத்து. அப்ப உன் நெல்லுதானே?”

மாரிமுத்து சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. மாரிமுத்துவின் சிரிப்பு மெல்ல நின்றது.

“வடக்குவெளி என் பேர்லயா இருக்கு?”

“பண்ணைலேர்ந்து வந்த சீட்டுதான்யா சொல்லுது.”

மாரிமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். மூட்டைகளை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தார். ஒரு மூட்டையைத் தொட்டும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, மிகவும் சாதாரணமாகக் கேட்டார்: “அப்ப நான் எதுக்குங்க வண்டி ஓட்டுறேன்?”

ஆய்வாளர் பதிவேட்டில் ‘வடக்குவெளி, மாரிமுத்து’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெரிய பண்ணையே கார் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் திறந்து இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகவே கேட்டார்.

“பாயி, இவ்வளவு நாள் பழக்கம். என் வண்டிய நிறுத்திக் கேள்வி கேக்குறதுக்கு உங்க வாசல்லதான் எடம் குடுத்தீங்களா?”

அத்தா என்னைக் காட்டினார். “நான் குடுக்கலைங்க. இவரு குடுத்தாரு.” அத்தா என்னை மரியாதையாகச் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அத்தோடு பண்ணை வண்டிகள் நின்றன. மற்ற மிராசுதார்களின் வண்டிகளும் திருப்பனந்தாள் பக்கத்து மில்களுக்குத் திரும்பிவிட்டன. மில் பெல்ட் ஓடவில்லை. களத்தில் ஆடுகள் படுத்துக்கொண்டன. வேலைக்காரர்கள் எட்டுப் பேர் காலையில் வந்து, பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டுப் போனார்கள். அத்தா ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போது பாதியிலேயே எழுந்துவிடுவார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. நான் மேடைப் பேச்சுப் புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

கூட்டம் திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக. அறுவடைக் கூலியாகக் கிடைத்த நெல்லைச் சின்னச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். முதல் நாள் நாலு பேர். அந்த வாரக் கடைசியில் வரிசை சாலைக்குப் போய்விட்டது. ஏன் இங்கே என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

“இங்கதான் தம்பி ஆபீசரு ஒக்காந்திருக்காரு. தராசு ஒழுங்கா நிக்குது” என்றார். அதற்கு முன்னாலும் எங்கள் தராசு ஒழுங்காகத்தான் நின்றது என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

பின்னாலேயே வெளி ஜில்லா வியாபாரிகள் வந்தார்கள். மூன்று நாள் தஞ்சாவூர் அலைச்சலுக்குப் பதில், எங்கள் கொட்டகையில் அரை மணியில் பர்மிட். அதே விதி, அதே வரி, அதே லெவி. ஒன்றுகூடக் குறையவில்லை. இன்று போனால் இன்றே வேலை முடியும் என்று தெரிந்ததும் லாரி வந்தது. மிராசுதார்கள் போன இடம் முழுவதும் நிரம்பவில்லை. ஆனால் மில் ஓடியது. ஒருநாள் மத்தியானம் அத்தா இரண்டாம் தடவை சோறு கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாரிமுத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு போய்ப் பண்ணையிடம் பேசினார். பெரிய பண்ணை கோர்ட்டுக்குப் போகவில்லை. போனால் மற்றப் பெயர்களும் வெளியே வரும். ஆறு ஏக்கர் கேட்ட இடத்தில் மூன்று ஏக்கர் மாரிமுத்துவின் கைக்கு வந்தது. அடுத்த தை மாதம் அவர் தன் நெல்லோடு வந்து தடுப்பில் வண்டியை நிறுத்தினார். ஆய்வாளர் வழக்கம்போல, “யாரு நெல்லு?” என்றார். மாரிமுத்து, “இன்னொருக்கா கேளுங்க சார்” என்றார். சிவக்கொழுந்து சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செட்டியார் மட்டும் மன்னிக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில், சங்க மேடைகளில் நான் பேசக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தவர் அத்தா.

பல வருஷம் கழித்துப் பர்மிட் முறையே போய்விட்டது. ஆபீஸ் பீரோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. மூங்கில் தடுப்பும் போயிற்று. பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் செக்போஸ்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. “செக்போஸ்ட்லாம் எறங்கு” என்று கண்டக்டர் கத்தும்போது, அது என் பேச்சுக்குக் கிடைத்த பன்னிரண்டாவது கோப்பை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

போன வருஷம் என் மகள் கல்யாணம். விருந்துக்கு முன்னால் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்து, நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள், எழுபது வயது அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

“யாருடா அவன்கிட்ட மைக்கக் குடுத்தது? வாங்குங்கடா! மண்டபத்த யாருக்காச்சும் எழுதிக் குடுத்துடப் போறான்!”

பெரிய கைதட்டல். சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். அவர்களுக்குக் கதை சொல்ல எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் இருந்தார்கள்.